ஐசிங் பூவுக்கு அடியில் இருந்த காகிதம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலிருந்து அக்காவின் பேத்தி பேசினாள். ஆகஸ்டில் அவளுக்குக் கல்யாணம். கேக்கின் மேல் வைக்கும் ஐசிங் பூக்களைத் தன் கையாலேயே செய்யப் போகிறாளாம். அதுவும் அவள் பாட்டியின், அதாவது என் அக்காவின், 1974 கல்யாணப் போட்டோவில் இருக்கிற அதே பூக்கள் வேண்டுமாம். "தாத்தா, பூ பிழிய வந்துவிட்டது. காயவைத்துக் காகிதத்திலிருந்து எடுக்கும்போதுதான் உடைகிறது. பெரிய பாட்டி கீழே என்ன காகிதம் போட்டார்கள்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்றைக்கு உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். அந்தக் காகிதத்தைக் கடையில் வாங்கி வந்தவன் நான். அவளிடம் உடனே பதில் சொல்லவில்லை. "எழுதி அனுப்புகிறேன் அம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் கோப்பு எழுதியவனுக்கு எதையும் ஆதியிலிருந்து சொன்னால்தான் திருப்தி. ஆகவே சீனியிலிருந்தும் காகிதத்திலிருந்தும் தொடங்குகிறேன். என் தப்பு கடைசியில் வரும்.

காரைக்காலிலும் புதுச்சேரியிலும் நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் கிறிஸ்துமசுக்கும் கல்யாணத்துக்கும் விவிக்கம் என்று ஒரு கேக் செய்வதுண்டு. மைதா இல்லை, ரவை. வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறவைத்த பழங்கள். இதை நன்றாகச் செய்பவர்கள் அன்று பல வீடுகளில் இருந்தார்கள். ஆனால் கேக்கின் மேலே வெள்ளைப் பூ வைப்பது என்றால் எங்கள் தெருவில் என் பெரியம்மா ஒருவர்தான். சிறு வயதில் கன்னியாஸ்திரிகளிடம் பூத்தையலோடு சேர்த்துக் கற்றுக்கொண்ட வேலை அது.

அந்தப் பூவுக்கு வேண்டிய சாமான் மூன்றே மூன்று. முட்டையின் வெள்ளைக்கரு, மாவாக இடித்துத் துணியில் சலித்த அஸ்கா, சில சொட்டு எலுமிச்சைச் சாறு. பிரெஞ்சில் இதற்குக் கிளாஸ் ருவாயால் என்று பெயர். ராஜ ஐசிங் என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாக அடித்துக் கெட்டியானதும் காகிதக் கூம்பில் போட்டு நுனியை வெட்டிப் பிழிய வேண்டும். கடலைப் பொட்டலம் கட்டுகிற அதே கூம்புதான். பிழிந்ததை ஒரு நாளோ இரண்டு நாளோ காற்றில் விட்டால் தண்ணீர் ஆவியாகிப் போய், சீனி மறுபடி படிகமாகி, பூ சங்கு போல இறுகிவிடும். ஈரம் படாமல் வைத்தால் மாதக் கணக்கில் கெடாது.

சீனி நம் நாட்டுச் சரக்கு. சர்க்கரை என்ற சொல்லுக்கு மூலமான வடமொழிச் சொல்தான் அரபு வழியாகப் போய் பிரெஞ்சில் சுக்ர் ஆயிற்று. கற்கண்டை அவர்கள் சுக்ர் காந்தி என்பார்கள்; அதுவும் இங்கிருந்து போனதுதான். சரக்கும் பெயரும் நம்முடையவை. ஆனால் அதை முட்டையில் அடித்துப் பூவாக்கி மேஜையில் நிறுத்தியவர்கள் ஐரோப்பியர்கள். 1769இல் எலிசபெத் ராஃபால்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி வெளியிட்ட சமையல் புத்தகத்தில் கல்யாணக் கேக்கும், அதன் மேல் பூச வாதுமை ஐசிங்கும் சீனி ஐசிங்கும் செய்முறையோடு இருக்கின்றன. பிரான்சில் கரேம் (1784–1833) என்ற சமையல் வித்தகர், நூலகத்தில் கட்டடப் படங்களைப் பார்த்து வரைந்து, கோயில்களையும் மண்டபங்களையும் சீனியிலேயே கட்டினார். விக்டோரியா மகாராணியின் கல்யாணக் கேக் 1840இல் ஏறக்குறைய 300 பவுண்டு எடை. அதற்குப் பிறகு வெள்ளை ஐசிங் இல்லாமல் ஆங்கிலேயர் வீட்டில் கல்யாணம் இல்லை என்றாகிவிட்டது.

நம் பக்கத்துக்குக் கேக் வந்த கதையில் எல்லாரும் சொல்வது தலைச்சேரி. 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரத் துரை இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி, இதுபோல் செய்ய முடியுமா என்று மாம்பள்ளி பாப்புவிடம் கேட்டாராம். பாப்பு செய்து காட்டினார். அவர் 1880இல் தொடங்கிய பிஸ்கட் கடை அது. நமக்கோ 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கேயே இருந்ததால், ரொட்டிக்கும் கேக்குக்கும் தலைச்சேரி போக வேண்டியிருக்கவில்லை.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். பிழிந்த பூவை எதன் மேலாவது காயவைத்தாக வேண்டும். காய்ந்ததும் அது அங்கிருந்து முழுசாக வர வேண்டும். இது கேக் செய்பவர்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாக இதைத் தீர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். கூழ் வடாம் எதன் மேல் பிழிவோம்? பழைய வேட்டியின் மேல். காய்ந்த பிறகு வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தால் வடாம் தானாக வரும். அதிரசம் எதன் மேல் தட்டுவோம்? எண்ணெய் தடவிய வாழையிலையில். அந்த இலைக்கு இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு.

ஆனால் இந்த இரண்டு வழியும் ஐசிங்குக்கு ஆகாது. தண்ணீர் தெளித்தால் சீனி கரைந்துவிடும். எண்ணெய் தடவினாலோ அதைவிட மோசம். வெள்ளைக்கரு நுரைத்து நிற்பதே கொழுப்பு இல்லாததால்தான். மஞ்சள்கரு ஒரு துளி விழுந்தாலே அடிபடாது. எண்ணெய்த்தாளில் பிழிந்த பூவின் அடி எண்ணெயை உறிஞ்சி மஞ்சளித்து, சரியாக இறுகாமல், தொட்டால் உதிரும். வெறும் வாழையிலையில் பிழிந்தால் முதல் நாள் நன்றாக இருக்கும். மறுநாள் இலை வாடிச் சுருளும்போது பூவையும் சேர்த்து முறித்துவிடும். ஆகவே ஐசிங்குக்குக் கீழே இருப்பது தண்ணீரை உறிஞ்சக் கூடாது, எண்ணெயும் விடக் கூடாது, ஈரம் பட்டுச் சுருங்கவும் கூடாது. இந்த மூன்று நிபந்தனையையும் ஒரு சாதாரணக் காகிதம் நிறைவேற்றாது.

காகிதம் என்பது நாரின் கூட்டம். நாருக்கும் நாருக்கும் இடையே கோடிக்கணக்கான துளைகள். எங்கள் பள்ளிக்கூடத்தில் மைக்கூட்டில் தொட்டு எழுதும் பேனா. ஒவ்வொரு நோட்டுக்குள்ளும் ஒரு இளஞ்சிவப்பு ஒற்றுத்தாள் இருக்கும். பாப்பியே புய்வார், அதாவது குடிக்கிற காகிதம் என்று பெயர். சரியான பெயர். எல்லாக் காகிதமும் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். அதன் குடியை நிறுத்த மனிதர்கள் பட்ட பாடுதான் இந்த வரலாறு.

முதல் வழி மெழுகு. 1851இல் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டோ எடுப்பதற்காகக் காகிதத்தை உருக்கிய மெழுகில் ஊறவைத்தார். துளைகள் அடைபட்டுக் காகிதம் கண்ணாடி போல ஒளியை விட்டது. அதே காலத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பாரஃபின் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். தேன்மெழுகு விலையுயர்ந்தது, பாரஃபின் மலிவு. அதன் பிறகு மெழுகுத்தாள் போட்டோக்காரரிடமிருந்து ரொட்டிக் கடைக்கும் வீட்டு அடுக்களைக்கும் வந்தது. நம் நாட்டில் 1965இல் அரசு தொடங்கிய மாடர்ன் பிரெட் ரொட்டி மெழுகுத்தாளில் சுற்றி வந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது வழி அமிலம். 1840களில் பிரான்சில் பூமாரேத், ஃபிகியே என்ற இருவர் காகிதத்தைக் கந்தக அமிலத்தில் சில விநாடி முக்கிக் கழுவிப் பார்த்தார்கள். மேல் நார்கள் கொஞ்சம் கரைந்து கூழாகி, துளைகளை அடைத்துக்கொண்டு, காய்ந்ததும் பதப்படுத்திய ஆட்டுத்தோல் போல ஆயிற்று. இந்த ஃபிகியேதான் பின்னாளில் பொதுமக்களுக்கு விஞ்ஞானம் சொல்லும் புத்தகங்கள் எழுதிப் பேர் வாங்கியவர். 1850களில் இங்கிலாந்தில் கெய்ன் என்பவர் முறையைச் சீராக்கிக் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சில் இதன் பெயர் பாப்பியே சுல்ஃபுரிசே, அதாவது கந்தகக் காகிதம். வெண்ணெய் சுற்ற ஏற்றது. நனைந்தாலும் கிழியாது.

மூன்றாவது வழியில் அமிலமும் இல்லை, மெழுகும் இல்லை. கூழை வெகுநேரம் அரைத்து, காகிதமானதும் சூடான உருளைகளுக்கு இடையே அழுத்தி வழவழப்பாக்குவார்கள். நம் ஊர்க் கடைகளில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் கொடுப்பார்கள். எண்ணெயைத் தடுக்கும்; ஆனால் ஈரத்தைக் கண்டால் நெளியும். படம் பெயர்க்கிற டிரேசிங் பேப்பரும் இந்த வம்சம்தான். அதில் வேறு பூச்சு எதுவும் இல்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, நாம் கண்ணாடித்தாள் என்று சொல்லும் செல்லோஃபேன். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குச் சிவப்பும் பச்சையுமாக ஒட்டுவோமே, அது. சுவிட்சர்லாந்துக்காரர் பிராண்டன்பெர்கர் பிரான்சில் ஒரு துணி ஆலையில் வேலை பார்த்தபோது, கறை படாத மேஜைத் துணி செய்யலாம் என்று அதன் மேல் ஒரு கரைசலைப் பூசினார். துணி விறைத்துப் போயிற்று. ஆனால் பூச்சு மட்டும் முழுத் தகடாக உரிந்து வந்தது. 1908 வாக்கில் நடந்தது இது. துணியை விட்டுவிட்டு உரிந்ததைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தக் கண்ணாடித்தாளும் காற்றின் ஈரத்தை வாங்கும். ஈரம் புகாத பூச்சு அமெரிக்காவில் 1927இல்தான் வந்தது.

ஐந்தாவது, சிலிக்கோன் பூசிய காகிதம். சிலிக்கோன் தொழிற்சாலைச் சரக்கானதே 1940களில். இன்றைக்குக் கேக் செய்பவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

இனி எங்கள் வீட்டுக் கதை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் காரைக்காலில் வெளிநாட்டுச் சாமான்களுக்குத் தட்டுப்பாடு இல்லை. சுங்கம் குறைவு. சைகோனில் வேலை பார்த்தவர்கள் விடுமுறைக்கு வரும்போதும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவார்கள். பெரியம்மாவிடம் ஒரு சுருள் கந்தகக் காகிதம் இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி கொடி மாறிய பிறகும் அந்தச் சுருள் பல வருஷம் ஓடியது. தாமரைப்பூ அளவு ரோஜாவானாலும் சரி, மல்லிகை மொட்டானாலும் சரி, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிய காகிதத்தில்தான் பிழிவார்கள். ரோஜாவுக்கு ஒரு பெரிய தலை ஆணி. ஆணித் தலையில் ஒரு பொட்டு ஐசிங் தொட்டு, காகிதச் சதுரத்தை ஒட்டி, ஆணியை இடது கையில் உருட்டிக்கொண்டே வலது கையால் இதழ் இதழாகப் பிழிவார்கள். முடிந்ததும் சதுரத்தை வழுக்கி எடுத்துத் தட்டில் வைப்பார்கள். ஒரு முறை உபயோகித்த சதுரத்தைத் துடைத்து மறுபடி வைத்துக்கொள்வார்கள்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது 1973 கடைசியில். ஜனவரிக் கடைசியில் தேதி. சீனிக்கு ரேஷன் இருந்த காலம். கல்யாணச் சீனிக்குத் தனி பர்மிட் வாங்க வேண்டும். அப்பா நாலு முறை அலைந்து வாங்கினார். அதிலிருந்து அளந்து மூன்று கிலோ பெரியம்மா கைக்கு வந்தது. மழை விடாத டிசம்பர். பூவை முன்கூட்டியே செய்து பிஸ்கட் டின்னில் நீற்றாத கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக் காப்பாற்றலாம் என்பது பெரியம்மாவின் கணக்கு. ஆனால் கந்தகக் காகிதச் சுருள் தீர்ந்துவிட்டது.

எனக்கு வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெரியம்மா ஒரு பழைய சதுரத்தைக் கையில் கொடுத்து, "இதே மாதிரி வாங்கி வா தம்பி. சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்" என்று சொல்லி அனுப்பினார்கள். கடைத்தெருவில் நாலு இடம் கேட்டேன். இல்லை. நாகப்பட்டினம் போய்ப் பார்த்திருக்கலாம். மழை, சோம்பல். கடைசியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் டிரேசிங் பேப்பரைக் காட்டினார்கள். வழவழவென்று, பால் நிறத்தில், பார்வைக்கு அச்சு அசல் அதே மாதிரி இருந்தது. தினமும் ஆபீசில் வரைபடக்காரர் மேஜையில் பார்க்கிற காகிதம். பள்ளியில் பூகோளப் பாடத்துக்குப் பாப்பியே கால்க் என்று நானே எத்தனையோ தாள் கிறுக்கியிருக்கிறேன். அது கந்தகக் காகிதம் இல்லை என்று எனக்குத் தெரியும். தண்ணீர் விட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, "அதேதான் பெரியம்மா, புது மாதிரி" என்றேன்.

பெரியம்மாவுக்கு அப்போதே கண்ணில் புரை. நம்பி வாங்கிக்கொண்டார்கள். மூன்று ராத்திரி உட்கார்ந்து ரோஜாவும் மல்லிகையும் பிழிந்தார்கள். இரண்டாம் நாள் காலையிலேயே காகிதம் ஐசிங்கின் ஈரத்தைக் குடித்து நெளிய ஆரம்பித்திருந்தது. நெளிந்த இடத்தில் இதழ் விரிசல் விட்டது. மற்றவை நன்றாக இறுகியிருந்தன. ஆனால் காகிதத்தை விடவில்லை. உரித்தால் அடி பெயர்ந்து பூ இரண்டாகும். பாதிக்கு மேல் போயிற்று. அப்பா அலைந்து வாங்கிய சீனி அது. இன்னொரு பர்மிட்டுக்கு வழி கிடையாது.

வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். "மழை ஈரம், என்ன செய்வது" என்று பெரியம்மா சொல்லிவிட்டார்கள். மீதிப் பூக்களைச் சுற்றிக் காகிதத்தை நகவெட்டுக் கத்தரியால் ஒட்ட வெட்டி, காகிதத்தோடேயே கேக்கின் மேல் பதித்தார்கள். இடைவெளிகளுக்கு வெறும் புள்ளிக் கோலம். போட்டோவில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அழகாகத்தான் இருக்கிறது. விருந்தில் சைகோனிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் வாயிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

பெரியம்மா 1991இல் இறந்துபோனார்கள். அவர்களுடைய மாதிரி நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பூ அளவுகளும் கூம்பு நுனியின் அகலமும் பென்சிலால் வரைந்த நோட்டு. பேத்தி கேட்ட பிறகு பல வருஷம் கழித்து அதைப் பிரித்தேன். ரோஜாப் பக்கத்தின் ஓரத்தில், 1974 ஜனவரி என்று போட்டு, கன்னியாஸ்திரிகள் பழக்கிய சாய்வெழுத்தில் பிரெஞ்சில் மூன்று வார்த்தை: பா தெ கால்க். டிரேசிங் பேப்பர் கூடாது. அதற்குக் கீழே தமிழில்: ரொட்டி மெழுகுத்தாள் நன்று, ஓரத்தில் குண்டூசி.

அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மெழுகுத்தாளும் எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. அதற்குப் பிறகு மெட்ராசிலிருந்து யார் வந்தாலும் மாடர்ன் பிரெட் ரொட்டியின் மேலுறையைத் தூக்கி எறியாமல் கொண்டுவரச் சொல்வார்கள். அதை எனக்குச் சொல்லவில்லை. என் தங்கைகளிடம்தான் சொல்வார்கள். காகிதம் வாங்கி வரும் வேலை அதற்குப் பிறகு எனக்கு வரவேயில்லை. அதற்குக் காரணம் என்ன என்று இத்தனை நாள் நான் யோசித்ததும் இல்லை.

ஆகவே பேத்திக்கு என் பதில் இது. பிரான்சுக் கடையில் இன்று பாப்பியே சுல்ஃபுரிசே என்று விற்பதில் பலவும் சிலிக்கோன் பூசியவைதான். உறையில் சிலிக்கோன் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. சுருளிலிருந்து வெட்டிய காகிதம் வளையும். வளைந்த பக்கம் கீழே இருக்கும்படி தட்டையான தகட்டில் வைத்து நாலு ஓரமும் ஒட்டு. மெழுகுத்தாளானால் அடுப்பு பக்கம் கொண்டுபோகாதே, மெழுகு உருகிப் பூவில் ஏறும். எந்தக் காகிதத்திலும் எண்ணெய் தடவாதே. மெல்லிய இதழ் வேண்டுமானால் காகிதத்தோடு ஒரு உருளை மேல் வளைத்துக் காயவிடு. காய்ந்ததும் பூவைப் பிடித்து இழுக்காதே. மேஜை விளிம்பில் வைத்துக் காகிதத்தைக் கீழ்நோக்கி இழு, பூ தானாக நிற்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு பூ பிழிந்து இரண்டு நாள் காத்திருந்து எடுத்துப் பார். அதற்கும் முன்னால், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்.

அக்கா இதைப் படிப்பாள். அவள் கண்ணும் இப்போது சரியில்லை. பேத்திதான் வாசித்துக் காட்டுவாள். அக்கா, மழை இல்லை. நான்தான்.

நோட்டை ஜூலையில் பாரிஸ் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மழைக்காலத்துப் பழைய தாள், ஓரங்கள் பொடிகின்றன. கண்ணாடித்தாளில் சுற்றித்தான் அனுப்ப வேண்டும்.